ஆர்கேட் போர்டை வெட்டாமல் வீட்டுக் கன்சோலாக்குதல்: எம்விஎஸ் பணிக் குறிப்பு

எஸ்என்கே நிறுவனம் 1990-இல் நியோ ஜியோவை வெளியிட்டபோது ஒரே மின்னணு அமைப்பை இரண்டு வடிவங்களில் தந்தது. நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் கேபினெட்டுகளுக்கு எம்விஎஸ், வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஏஇஎஸ். இரண்டிலும் 12 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டோரோலா 68000 பிராசஸர்தான் ஆட்டத்தை நடத்துகிறது. 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ஒன்று யமஹாவின் ஒய்எம்2610 ஒலி ஐசியை இயக்குகிறது. திரையில் விழுவதும் அதே 320-க்கு 224 புள்ளிப் படம்தான். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நிரல்கூடப் பெரும்பாலும் ஒன்றே. அது எந்த வகை எந்திரத்தில் ஓடுகிறது என்பதை, போர்டின் அடிப்படை நிரலான பயாஸிடம் கேட்டறிந்து, நாணயத்துக்காகக் காத்திருப்பதா, நேரே தொடக்கப் பட்டியலைக் காட்டுவதா என்று முடிவு செய்கிறது. வீட்டு வடிவக் கார்ட்ரிட்ஜுகள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருக்க, ஆர்கேட் கார்ட்ரிட்ஜுகள் ஏராளமாகப் புழங்கியதால், எம்விஎஸ் போர்டைப் பெட்டிக்குள் அடக்கி வீட்டில் ஆடும் வழக்கம் உருவானது. நான் செய்ததும் அதுதான். ஆனால் அதைச் செய்யும் முறையில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு.

நான் எடுத்துக்கொண்டது எம்வி-1 குடும்பத்தைச் சேர்ந்த, ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ் பொருந்தும் பழைய போர்டு. வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு விதியை வகுத்துக்கொண்டேன்: போர்டின் செம்புத் தடமான டிராக் எதையும் வெட்டக் கூடாது, எந்தத் துளையும் போடக் கூடாது, விளிம்பிலுள்ள தொடுமுனைகளில் சால்டரே படக் கூடாது. பெட்டியிலிருந்து கழற்றி மறுபடியும் ஒரு கேபினெட்டில் செருகினால் அது முன்போலவே ஓட வேண்டும். இந்தப் போர்டுகளை இனி யாரும் உற்பத்தி செய்யப் போவதில்லை. விளிம்பு முனைகளில் நேரடியாக வயர் பற்றவைக்கப்பட்ட போர்டுகளும், பெட்டிக்குள் அடங்குவதற்காக ஒரு மூலை அறுத்தெடுக்கப்பட்ட போர்டுகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றை மீட்பதற்கு ஆகும் உழைப்பு, முதலிலேயே ஒரு கனெக்டரை வாங்கிப் பயன்படுத்துவதற்கு ஆகும் உழைப்பைவிடப் பன்மடங்கு அதிகம்.

மாற்றத்தைப் பற்றி யோசிக்கும் முன் போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்விஎஸின் பழைய ஒற்றைக் கார்ட்ரிட்ஜ் போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மறுமின்னேற்ற பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும். நாணயக் கணக்கையும் உயர்ந்த மதிப்பெண்களையும் வைத்திருக்கும் 64 கிலோபைட் பேக்கப் ரேமுக்கும், நாளும் நேரமும் காட்டும் காலண்டர் ஐசிக்கும், மின்சாரம் இல்லாத நேரத்தில் அதுதான் துணை. கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளில் ஆட்டத்தின் குறியாக்கத் திறவுகோலே பேட்டரியை நம்பி இருப்பதால் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் தொடங்காது. எம்விஎஸில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் நிக்கல்-காட்மியம் செல் முதுமையடைந்தால் காரத் திரவத்தைக் கசியவிடும். அந்தக் கசிவு போர்டின் மேல்பூச்சான பச்சை மாஸ்க்குக்கு அடியில் புகுந்து செம்பு டிராக்குகளை மெல்ல அரித்துக்கொண்டே போகும்.

என் போர்டிலும் பேட்டரியைச் சுற்றி மாஸ்க் கருத்துப்போயிருந்தது. அருகிலிருந்த ஐசி கால்களில் வெண்பச்சை நிறப் பூப்பு படர்ந்திருந்தது. பேட்டரியை முதலில் கழற்றினேன். கசிந்திருப்பது காரம் என்பதால், அதைச் சமன் செய்ய வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவி, நுரை அடங்கியதும் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விட்டேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. காரம் இருக்கும் இடத்தில் ஆல்கஹாலை மட்டும் ஊற்றினால் அழுக்கு அகலும், அரிப்பு நிற்காது.

உலர்ந்த பின் மேசைப் பவர் சப்ளையில் இணைத்து ஓட்டியபோது, ஸ்பீக்கரில் இடைவிடாத டிக் டிக் ஒலி எழவில்லை. இது ஒரு நல்ல அறிகுறி. 68000 தன் நிரலைச் சரியாக ஓட்டிக்கொண்டிருந்தால், போர்டிலுள்ள வாட்ச்டாக் சுற்றுக்கு அடிக்கடி ஒரு சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 0.13 நொடிக்குள் அந்தச் சைகை வராவிட்டால் வாட்ச்டாக் முழுப் போர்டையும் ரீசெட் செய்துவிடும். அப்படி மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும் ஓசைதான் அந்த டிக் டிக். அது கேட்டால் பிராசஸர், பயாஸ், அவற்றை இணைக்கும் பாதை ஆகியவற்றில் ஏதோ ஒன்று அடிப்படையிலேயே பழுதாகியிருக்கிறது என்று பொருள். எனக்கு அது கேட்கவில்லை. மாறாகத் திரையில் பேக்கப் ரேம் பிழை என்ற செய்தி வந்து நின்றது. கூடவே முகவரி டி00000, எழுதியது 5555, படித்தது 5455 என்று மூன்று எண்களும் இருந்தன.

இந்தச் செய்தியைப் பலர் 'ரேம் போய்விட்டது' என்று படித்துவிட்டு ஐசியை மாற்றப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் எண்களை உற்றுப் பார்க்க வேண்டும். பதினாறடிமான எண்ணான 5555-ஐ இரும எண்ணாக விரித்தால் 0101 0101 0101 0101. படித்துக் கிடைத்த 5455-ஐ விரித்தால் 0101 0100 0101 0101. பதினாறு பிட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. வலமிருந்து சுழியத்தில் தொடங்கி எண்ணினால் அது எட்டாவது பிட், அதாவது டி8 என்ற தரவுக் கோடு. பேக்கப் ரேம் என்பது எட்டுப் பிட் அகலமுள்ள இரண்டு ஐசிகள். மேல் எட்டுப் பிட்டுகள் ஒன்றில், கீழ் எட்டுப் பிட்டுகள் மற்றொன்றில். ஆகவே மேல் ஐசியின் முதல் தரவுக் காலில்தான் சிக்கல். 62256 வகை ரேமில் அது 11-ஆம் கால்.

இங்கே இன்னொரு தகவலும் கைகொடுத்தது. பயாஸ் தன் சோதனையில் பேக்கப் ரேமுக்கு முன்பே, ஆட்டம் ஓடும்போது பிராசஸர் பயன்படுத்தும் ஒர்க் ரேமைச் சோதித்துவிடுகிறது. அந்தச் சோதனை பிழையில்லாமல் கடந்திருக்கிறது என்றால், பிராசஸரிலிருந்து ஒர்க் ரேம் வரை டி8 கோடு முழுமையாக இருக்கிறது. அங்கிருந்து பேக்கப் ரேமுக்குப் பிரியும் கிளையில்தான் அறுபட்டிருக்கிறது. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஓசை எழுப்பும் கன்டின்யுட்டி நிலையில் வைத்து, ஒரு முனையை ஒர்க் ரேமின் மேல் ஐசியில் 11-ஆம் காலிலும் மறுமுனையை பேக்கப் ரேமின் 11-ஆம் காலிலும் வைத்தபோது ஓசை வரவில்லை. டிராக்கைப் பின்தொடர்ந்து சென்றால், பேட்டரிக்கு மிக அருகே ஓர் இணைப்புத் துளையின் உட்சுவர் அரிக்கப்பட்டுக் கருத்திருந்தது. எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்றால் அந்த இரு கால்களையும் சால்டர் பக்கத்தில் இணைத்தேன். அடுத்த முறை போர்டு எல்லாச் சோதனைகளையும் கடந்து ஆட்டத்துக்குள் சென்றது. ரேம் ஐசியில் எந்தக் குறையும் இல்லை.

பேட்டரி இருந்த இடத்தில் மறுபடியும் நிக்கல்-காட்மியம் செல் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஹோல்டரில் அமரும் சிஆர்2032 நாணயச் செல் போதும். கசிவு அபாயம் மிகக் குறைவு, சால்டர் இல்லாமல் மாற்றலாம். ஆனால் பழைய போர்டு மின்னேற்றும் வகையில் அமைந்தது; லித்தியம் நாணயச் செல்லுக்கு மின்னேற்றினால் அது வெடிக்கவும் கூடும். எனவே செல்லின் நேர்முனையில் ஒரு டயோடு கட்டாயம் வேண்டும். சாதாரணச் சிலிக்கான் டயோடில் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை குறையும். 3 வோல்ட் செல் சற்றுத் தளர்ந்ததும், ரேம் தன் நினைவைக் காக்கத் தேவையான 2 வோல்ட் எல்லையை அது நெருங்கிவிடும். ஷாட்கி டயோடில் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு என்பதால் அதையே போட்டேன். ஹோல்டரை போர்டின் மேல் ஒட்டாமல், இரண்டு வயரில் வெளியே இழுத்துப் பெட்டியின் ஓரத்தில் பொருத்தினேன். எதிர்காலத்தில் எந்தச் செல் கசிந்தாலும் அது போர்டைத் தொடாது.

இனி மாற்றத்துக்கு வருவோம். போர்டின் விளிம்பில் இருப்பது ஜாம்மா இணைப்பு. ஜப்பானிய கேளிக்கை எந்திர உற்பத்தியாளர் சங்கம் 1980-களின் நடுவில் வகுத்த இந்தத் தரத்தில் 3.96 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்துக்கு 28 ஆக 56 முனைகள் உண்டு. மின்சாரம், படம், ஒலி, இரண்டு ஆட்டக்காரர்களின் பொத்தான்கள், நாணய உள்ளீடு ஆகிய அனைத்தும் இந்த ஒரே விளிம்பில் வந்து சேர்கின்றன. ஒரு கன்சோலுக்குத் தேவையானதில் ஏறக்குறைய எல்லாமே ஏற்கெனவே இங்கே இருப்பதால்தான் போர்டை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை என்கிறேன். 56 முனைப் பெண் கனெக்டர் ஒன்றில் வயர்களைச் சால்டர் செய்து, அதை விளிம்பில் செருகினால் வேலையின் பெரும்பகுதி முடிகிறது. கனெக்டரின் 7-ஆம் இடத்தில் சாவித்தகடு ஒன்றை மறக்காமல் பொருத்த வேண்டும். கனெக்டர் தலைகீழாகச் செருகப்பட்டால் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் போகக் கூடாத இடங்களுக்குப் போய்விடும்; போர்டின் வாழ்வு அந்த நொடியில் முடியும்.

மின்சாரத்துக்கு நான் ஒரே ஒரு 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டு மின்சாரம் பெட்டிக்குள் நுழையவே கூடாது என்பது இதன் முதல் நோக்கம். அந்த 12 வோல்ட் நேராக 6-ஆம் முனைக்கும் அதற்கு நேர் பின்னுள்ள முனைக்கும் செல்கிறது. போர்டில் அதன் முக்கியப் பயன் ஒலிப் பெருக்கிதான். அதே 12 வோல்ட்டிலிருந்து ஒரு பக் கன்வெர்ட்டர் 5 வோல்ட்டை உருவாக்குகிறது. ஜாம்மாவில் எதிர்ம 5 வோல்ட்டுக்கும் இடம் உண்டு. எம்விஎஸுக்கு அது வேண்டாம் என்பதால் அந்த முனைகளைக் காலியாக விட்டேன். 5 வோல்ட்டுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு முனைகளும், தரைக்கு இரண்டு ஓரங்களிலுமாக எட்டு முனைகளும் இருக்கின்றன. இவை அனைத்தையும் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு மெல்லிய வயரை நம்பினால், 2 ஆம்பியர் பாயும்போது அதன் தடை 0.1 ஓம் இருந்தால்கூட 0.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். போர்டிலுள்ள டிடிஎல் வகை (5 வோல்ட் தர்க்க) ஐசிகளுக்கோ 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் சகிப்பு. கன்வெர்ட்டரின் வாயில் அளப்பது பயன் தராது. கார்ட்ரிட்ஜ் செருகி ஆட்டம் ஓடும்போது, போர்டின் மீது ஏதாவதொரு ஐசியின் மின்காலில் அளந்து, அங்கே 5.0 வோல்ட் வரும்படி கன்வெர்ட்டரைத் திருத்த வேண்டும்.

இந்த வேலையில் நான் அதிக நேரமும் அக்கறையும் செலவழித்தது படத்தில்தான். எம்விஎஸில் நிறத்தை உருவாக்குவது ஒரு ரெசிஸ்டர் ஏணி. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 5 பிட்டுகள், மூன்றுக்கும் பொதுவாக ஓர் இருட்டு பிட், ஆக 16 பிட்டுகளில் 65,536 நிறங்கள். அந்த ஏணியின் முனையிலிருந்து சிவப்பு 12-ஆம் முனைக்கும் நீலம் 13-ஆம் முனைக்கும் வருகின்றன; பச்சையும், படத்தின் வரிகளை நேரப்படுத்தும் சிங்க் சைகையும் அவற்றின் பின்பக்கத்தில் இருக்கின்றன; 14-ஆம் முனை படத்துக்கான தரை. ஆர்கேட் மானிட்டர் எதிர்பார்க்கும் அளவு வேறு. தொலைக்காட்சியும், படத்தைப் புதிய திரைகளுக்கேற்ப மாற்றித் தரும் ஸ்கேலரும் எதிர்பார்க்கும் அளவு வேறு. வீட்டுக் கருவிகளில் ஆர்ஜிபி (மூன்று நிறமும் தனித்தனியாக வரும் படச் சைகை) என்றால் 75 ஓம் சுமையில் உச்சத்துக்கு 0.7 வோல்ட். ஆர்கேட் போர்டு அதைவிடப் பல மடங்கு வலுவாகத் தரும். நேரடியாக இணைத்தால் வெளிச்சமான பகுதிகள் எல்லாம் வெளுத்து ஒன்றாகிவிடும், எதிர்ப்பக்கக் கருவிக்கும் கேடு.

தொடர் ரெசிஸ்டர் மூன்றைப் போட்டு முடித்துவிடுவது பரவலாகச் செய்யப்படும் எளிய வழி. எனக்கு அது பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த ஏணி 75 ஓம் சுமையைத் தாங்கி ஓட்டுவதற்காக அமைக்கப்பட்டதல்ல. ஆகவே நடுவில் டிஎச்எஸ்7314 என்ற மூன்று சானல் வீடியோ பெருக்கி ஐசியை வைத்தேன். அது 5 வோல்ட்டில் ஓடும், இரண்டு மடங்கு பெருக்கும், உள்ளேயே ஏறத்தாழ 8.5 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டியும் உண்டு. எம்விஎஸின் புள்ளிக் கடிகாரம் 6 மெகாஹெர்ட்ஸ்தான். கருப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் மிக நுண்ணிய வடிவம்கூட 3 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது என்பதால் அந்த வடிகட்டி கூர்மையைக் கெடுப்பதில்லை. பெருக்கியின் ஒவ்வொரு வெளியீட்டிலும் 75 ஓம் ரெசிஸ்டர்; எதிர்ப்பக்கத்தின் 75 ஓம் சுமையோடு சேரும்போது இரண்டு மடங்கான அளவு மறுபடி பாதியாகிறது. அதனால் பெருக்கிக்குள் போகும் அளவைச் சரியாக 0.7 வோல்ட்டில் நிறுத்தினால் போதும்.

அந்த 0.7 வோல்ட்டை எட்டுவதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் 1 கிலோ ஓம் டிரிம்மர் ஒன்றைத் தற்காலிகமாக வைத்தேன். டிப் சுவிட்சில் முதலாவதை ஆன் செய்தால் எம்விஎஸ் சோதனைப் பட்டியலுக்குள் போகும். அதில் நிறப் பட்டைகள் கொண்ட ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு பட்டையும் இருட்டிலிருந்து முழு ஒளி வரை படிப்படியாக ஏறும். ஆசிலோஸ்கோப்பின் புரோபை 75 ஓம் சுமைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தால் அந்தப் படிகள் மாடிப்படி போலவே திரையில் தெரியும். மேல்படி 0.7 வோல்ட்டைத் தொடும்வரை டிரிம்மரைத் திருப்பி, மூன்று நிறங்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கவனிக்க வேண்டியது மேல்படியை மட்டுமல்ல. கடைசி இரண்டு மூன்று படிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். அதேபோல் கீழே கருப்புக்கு அடுத்த முதல் படி தெரிய வேண்டும். மூன்றும் பொருந்திய பின் டிரிம்மர்களைக் கழற்றி, இரு பக்கத் தடைகளையும் அளந்து, அதற்கு மிக நெருங்கிய 1 சதவீத ரெசிஸ்டர்களைச் சால்டர் செய்தேன். டிரிம்மரையே பெட்டிக்குள் நிரந்தரமாக விடுவது நல்லதல்ல. காலப்போக்கில் அதன் தொடுமுனை தேய்ந்து, ஏதோ ஒரு நிறம் மட்டும் மினுக்கத் தொடங்கும்.

சிங்க் சைகை டிடிஎல் அளவில் வருகிறது. வீட்டுக் கருவிக்கு 75 ஓமில் ஏறத்தாழ 0.3 வோல்ட் போதும். 680 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டபோது, 4 வோல்ட் சைகை 75-ஐ 755-ஆல் வகுத்த விகிதத்தில் 0.4 வோல்ட்டாக இறங்கியது. எந்தக் கருவியும் இதைத் தயக்கமின்றி ஏற்கும். வெளியீட்டுக்கு, ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் வந்த ஸ்கார்ட் சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதில் சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7, சிங்க் 20. தொலைக்காட்சியை ஆர்ஜிபிக்கு மாறச் சொல்லும் 16-ஆம் முனைக்கு 1 முதல் 3 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து 180 ஓம் வழியாகக் கொடுத்தால் எதிர்ப்பக்க 75 ஓமில் சுமார் 1.5 வோல்ட் நிற்கும்.

படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து பிறக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் புள்ளிக் கடிகாரம், ஒரு வரிக்கு 384 புள்ளிகள், ஒரு பிரேமுக்கு 264 வரிகள் என்று கணக்கிட்டால் எம்விஎஸின் படம் நொடிக்கு 59.19 முறை புதுப்பிக்கப்படுகிறது. தொலைக்காட்சிகள் எதிர்பார்ப்பது 59.94 அல்லது 60. பழைய சிஆர்டி திரைகள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஓஎஸ்எஸ்சி போன்ற, பிரேமைச் சேமித்து வைக்காமல் வரிகளை மட்டும் பெருக்கும் ஸ்கேலர்களோ அதே 59.19-ஐ எச்டிஎம்ஐயில் அப்படியே தரும். சில தட்டைத் திரைகள் அதை மறுத்துவிடும். வீட்டு ஏஇஎஸில் கிரிஸ்டல் சற்று வேகமானது, அதன் விகிதம் 59.6. அந்தக் கிரிஸ்டலை எம்விஎஸில் போடுவோரும் உண்டு. நான் போடவில்லை, போர்டின் இதயத் துடிப்பை மாற்றுவது என் விதிக்கு ஒவ்வாதது, என் திரையும் 59.19-ஐ ஏற்றுக்கொண்டது. ஏற்காத திரை வைத்திருப்போர் பிரேமைச் சேமித்து வெளியிடும் ஸ்கேலரை நாடலாம். அதற்கு விலையாகக் குறைந்தது ஒரு பிரேம், அதாவது 17 மில்லிநொடி அளவுக்குத் தாமதம் சேரக்கூடும். சண்டை ஆட்டங்களில் அது கைக்குத் தெரியும்.

ஒலியில்தான் விளிம்பு போதவில்லை. ஜாம்மாவின் ஸ்பீக்கர் முனைகளில் வருவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட, நேரடியாக ஸ்பீக்கரை ஓட்டும் ஒலி. பல போர்டுகளில் ஸ்பீக்கரின் எதிர்முனையும் பெருக்கியின் மற்றொரு வெளியீடாகவே இருக்கும், தரையாக இருக்காது. அதைத் தொலைக்காட்சியின் ஆடியோ தரையோடு இணைத்தால் பெருக்கி கருகும். எனவே பெருக்கிக்கு முன்பே ஒலியை எடுக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒய்எம்2610 தன் எஃப்எம் இசையையும் பதிவுசெய்த குரல்களையும் இலக்க வடிவில் ஒய்எம்3016 என்ற டிஏசிக்கு (இலக்கத்தை அனலாக் ஒலியாக்கும் ஐசி) அனுப்புகிறது. ஆனால் எஸ்எஸ்ஜி எனப்படும் மூன்று எளிய சதுர அலை ஒலிகளை மட்டும் அனலாக் வடிவில் தனிக் காலில் வெளியிடுகிறது. இவ்விரண்டும் அதற்குப் பிறகுதான் கலக்கின்றன. டிஏசியின் காலிலிருந்தே நேராக ஒலியை எடுத்தால் இசை தெளிவாகக் கேட்கும்; எஸ்எஸ்ஜியை நம்பிய சின்னச் சின்ன விளைவொலிகள் காணாமல் போகும், அது போனதே பலருக்குத் தெரியாது. ஆகவே கலந்த பிறகு, பெருக்கிக்கு முன், இடமும் வலமும் இன்னும் பிரிந்திருக்கும், சைகைகளைக் கலக்கும் ஆப்-ஆம்ப் ஐசியின் வெளியீட்டிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் வழியாக எடுத்தேன். இந்த இடம் போர்டுக்குப் போர்டு மாறும்; உங்கள் போர்டின் சுற்றைப் பின்தொடர்ந்துதான் கண்டறிய வேண்டும். மூன்று மெல்லிய வயர்கள், டிராக் எதுவும் வெட்டப்படவில்லை, ஒரு சூட்டில் கழன்றுவிடும்.

பொத்தான்கள் எளியவை. ஜாம்மாவின் உள்ளீடுகள் அனைத்தும் தரையோடு இணைந்தால் அழுத்தப்பட்டதாகக் கொள்ளும். உயர்நிலையில் இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்கள் போர்டிலேயே உண்டு. பெட்டியின் முன்புறம் ஏஇஎஸ் பயன்படுத்திய 15 முனை சாக்கெட் இரண்டைப் பொருத்தி, அசல் நியோ ஜியோ ஜாய்ஸ்டிக்குகளும் நியோ ஜியோ சிடியின் பேடுகளும் நேரே பொருந்தும்படி செய்தேன். எம்விஎஸின் நான்காவது பொத்தான் 25-ஆம் முனையிலும் அதன் பின்பக்கத்திலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் நான்கு பொத்தான் ஆட்டங்கள் முடமாகும். பேடிலுள்ள செலக்ட் பொத்தானை நாணய உள்ளீட்டோடு இணைத்தேன். கைபடும் சாக்கெட்டுகள் என்பதால் ஒவ்வொரு கோட்டிலும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், பேடுக்குப் போகும் 5 வோல்ட்டில் தானே மீளும் ஃபியூஸ் ஒன்றும் சேர்த்தேன்.

பயாஸைப் பொறுத்தவரை, அசல் ரோம் சாக்கெட்டில் அமர்ந்திருந்ததால் அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, யுனிவர்ஸ் பயாஸ் என்ற மாற்று பயாஸ் பதியப்பட்ட 27சி1024 ஈப்ராமை (அழித்து எழுதக்கூடிய நினைவக ஐசி) அங்கே வைத்தேன். தொடக்கத் திரையில் ஏ, பி, சி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அமைப்புப் பட்டியல் வரும். அங்கே நாட்டையும், ஆர்கேட் முறையா வீட்டு முறையா என்பதையும் மாற்றலாம். வீட்டு முறையில் நாணயம் வேண்டாம். ஆட்டத்தின் கடின அளவைப் பட்டியலிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஈப்ராமின் கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒளிபுகாத ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இல்லையேல் வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அதன் நினைவு மங்கும்.

பெட்டியை மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் செய்தேன். எம்விஎஸ் கார்ட்ரிட்ஜ் என்பது இரண்டு போர்டுகள் சேர்ந்த கனமான பொருள். அதைச் செருகும்போது இரண்டு நீண்ட கனெக்டர்களிலும் கணிசமான அழுத்தம் விழுகிறது. நான்கு மூலைகளில் மட்டும் போர்டைத் தாங்கினால் ஒவ்வொரு முறையும் நடுப்பகுதி வளையும். வளைவு தொடர்ந்தால் சால்டர் முனைகள் நுண்ணிய விரிசல் காணும். ஆகவே கார்ட்ரிட்ஜ் சாக்கெட்டின் அடியில் நைலான் தூண்கள் வைத்து, அழுத்தம் நேராகப் பெட்டியின் அடித்தகட்டுக்கு இறங்கும்படி அமைத்தேன்.

அனைத்தையும் பெட்டிக்குள் அடக்கிய பிறகுதான் ஒரு சிக்கல் தலைகாட்டியது. கருநீலப் பின்னணியில் மிக மெல்லிய சாய்வுக் கோடுகள் மேல்நோக்கி நகர்ந்தன. ஒலியை உயர்த்தினால் சன்னமான ரீங்காரம் கேட்டது. மேசைமேல் பரப்பி வைத்திருந்தபோது இரண்டும் இல்லை. பக் கன்வெர்ட்டர் பெட்டிக்குள் வீடியோ பெருக்கிக்கு அருகே வந்துவிட்டதும், இரண்டின் தரை வயரும் ஒன்றாகவே விளிம்புக்கு ஓடியதும்தான் காரணம். கன்வெர்ட்டரை எதிர்மூலைக்கு மாற்றி, அதன் வெளியீட்டில் ஒரு சுருளும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்து, பெருக்கியின் தரையைத் தனியாக 14-ஆம் முனைக்கு மட்டும் கொண்டுசென்றேன். கோடுகள் மறைந்தன, ரீங்காரமும் அடங்கியது. அதன்பின் 5 வோல்ட்டை மறுபடி போர்டின் மேலேயே அளந்தேன். சேர்த்த சுருளின் தடையால் 4.91-க்கு இறங்கியிருந்ததை, கன்வெர்ட்டரின் திருகைச் சற்றே திருப்பி 5.02-இல் நிறுத்தி மூடியைப் பூட்டினேன்.